மவுண்ட் ஆகாத கல்யாணம்

பாதிக்கப்பட்டவள் நான். பெயர் கிருத்திகா. எம்.ஏ. சமூகவியல் படித்தவள். எனக்கு இழைக்கப்பட்ட அநீதி இதுதான்: நான் பிறப்பதற்கு முன்பே எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டதாம். நிச்சயம் செய்தவர் என் அப்பா சென்னிமலை. செய்த இடம், அவருடைய சொந்தக் கல்யாணம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அப்போது நான் இல்லை. என் அம்மா உஷாராணியின் கழுத்தில் தாலிகூட ஏறவில்லை. மேடையில் இணைச்சீர் நடந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளையோடு அவருடைய அக்காளையும் மேடையில் உட்கார வைத்துச் செய்கிற மரியாதை அது. பெண்டாட்டி வந்தாலும் அக்காள் உரிமை போகாது என்று ஊருக்குச் சொல்லும் சடங்கு. இதைப் பற்றி நான் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி, வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்த உரிமை ஒரு நாள் ஆட்டோ பிடித்து எங்கள் வீட்டுக்கே வரும் என்று பாடத்திட்டத்தில் போடவில்லை.

அந்த மேடையில்தான் அப்பா, முத்தாயம்மாள் அத்தையிடம், "எனக்குப் பொட்டப்புள்ள பொறந்தா அது உங்க ஊட்டுக்குத்தானுங்கக்கா" என்று வாக்குக் கொடுத்தாராம். அத்தை மகன் மதன் நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறான். அவன் மேல் எனக்கு விரோதம் கிடையாது. நல்லவன். முட்டை விலையைத் தவிர வேறு எதைப் பற்றியும் அவனுக்கு அபிப்பிராயம் இல்லை. அபிப்பிராயமே இல்லாத ஆளோடு எப்படிச் சண்டை போடுவது? சண்டை போட முடியாத ஆளோடு எப்படிக் குடும்பம் நடத்துவது?

தவிர, ஐதராபாத்தில் எனக்கு ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அந்தச் செய்தியை நான் வீட்டில் சொன்ன அன்று பொழுது சாயும்போதுதான் அப்பாவுக்கு வாக்கு ஞாபகம் வந்தது. அதுவரை அவருக்கு என் பிறந்தநாளே ஞாபகம் வந்ததில்லை.

"வார்த்தை குடுத்துட்டேன் அம்மிணி. சென்னிமலை வார்த்தை மாறமாட்டான்."

"பிறக்காத ஆளை வெச்சுப் போட்ட ஒப்பந்தம் செல்லாதுங்கப்பா."

"எந்தக் கோர்ட்டுல செல்லாது?"

"எந்தக் கோர்ட்டுலயும் செல்லாதுங்க."

"அக்கா கோர்ட்டுல செல்லும்."

இதற்கு மேல் அப்பீல் கிடையாது. நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் மண்டி நடத்துகிறவர் என் அப்பா. ஏலத்தில் அவர் போடுகிற சத்தத்தில் மூட்டையே ரெண்டு இன்ச் நகரும். அதே மனிதர், அத்தையின் போன் வந்தால் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பேசுவார். அம்மாவிடம் பேசும்போது கழற்ற வேண்டியதில்லை. செருப்பு ஏற்கெனவே வாசலில் கிடக்கும்.

அம்மா அன்றைக்குக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஏனுங்க, அந்த வார்த்தையை யாரு கேட்டாங்க?"

"ஊரே கேட்டுது!"

"ஊருல ஒரு பேரு சொல்லுங்க."

அப்பா யோசித்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் யாரும் இப்போது சாட்சி சொல்ல வருகிற நிலையில் இல்லை. திடீரென்று முகம் மலர்ந்தது. "வீடியோ இருக்குதே! கல்யாண வீடியோ கேசட்டு!"

"அப்பச் செரி" என்றார் அம்மா. "போட்டுக் காட்டுங்க. நீங்க சொன்னதை நான் காதால கேட்டேன்னா, அண்ணியார் கொண்டு வர்ற நிச்சயத் தட்டத்தை நானே வாங்கிக்கறேன். கேக்கலைன்னா எம்பொண்ணு ஐதராபாத்து ரயிலேறும்."

நான் கொதித்து எழுந்தேன். ஒரு பெண்ணின் எதிர்காலத்தைப் பழைய கேசட்டில் பந்தயம் வைப்பதா? இது என்ன சூதாட்ட மண்டபமா? தனிமனித உரிமை என்று ஒன்று...

"நீ சித்த கம்முனு இரு சாமி" என்றார் அம்மா.

பீரோவில் துணிக்கடியில் கிடந்த கேசட்டை அப்பா ராசிபுரத்தில் உள்ள வெள்ளியங்கிரி ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனார். வெள்ளியங்கிரி போன் பண்ணிச் சொன்னார்: "பூஞ்சை புடிச்ச கேசட்டுங்க. ஒரே ஒரு தடவைதான் ஓடுச்சு, அப்பறம் அந்துபோச்சு. நல்லவேளை, அதுக்குள்ள முழுசையும் ஒரே ஃபைலா, டிஸ்க் இமேஜா ஏத்திட்டேன். பென் டிரைவுல இருக்குது. டபுள் கிளிக் பண்ணுங்க, சிடி போட்டாப்புலயே மவுண்ட் ஆயிரும்."

பென் டிரைவை வாங்கி வர அப்பாவே போனார். ராசிபுரம் கூப்பிடு தூரம். காலையில் போனவர் விளக்கு வைத்த பிறகு வந்தார். நாங்கள் யாரும் ஏனென்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம். அப்பா பென் டிரைவுக்கு விபூதி பூசிச் செருகினார். உள்ளே 'கல்யாணம்' என்ற பெயரில் ஒரே ஒரு ஃபைல். டபுள் கிளிக் செய்தார். கம்ப்யூட்டர் ஒரு கட்டம் போட்டு இங்கிலீஷில் வருத்தம் தெரிவித்தது.

"என்ன சொல்லுதுங்க?" என்றார் அம்மா.

"மவுண்ட் ஆகலையாமா."

"மவுண்டுன்னா?"

"மலைங்கம்மா" என்றேன் நான். "இங்க ஏறுறதுன்னு அர்த்தம். ஃபைல் ஏற மாட்டேங்குது."

"ஏனுங்க, பேருலயே மலையை வெச்சுக்கிட்டு ஏத்தத் தெரியலீங்களா?"

"சென்னிமலைக் கோயிலுக்குப் படி இருக்குது. இதுக்குப் படி எங்க இருக்குதுன்னு நீயே சொல்லு."

அன்று தொடங்கியது அப்பாவின் திருப்பணி. பென் டிரைவைப் பிடுங்கி வேட்டியில் துடைத்தார். ஊதினார். திரும்பச் செருகினார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். போட்டு அணைத்தார். 'ரெப்ரஷ்' என்பதை மணியடிப்பதுபோல் அடித்துக்கொண்டே இருந்தார். மேஜை தெற்குப் பார்த்து இருப்பதால்தான் கோளாறு என்று வடக்குப் பார்க்கத் திருப்பினார். வயர் எட்டவில்லை. வயர் எட்டும் திசையே உத்தமமான திசை என்று திரும்பவும் தெற்கே வைத்தார்.

எனக்கு இந்தக் கூத்தெல்லாம் பொறுக்கவில்லை. அறிவியல் முறைப்படி இறங்கினேன். கம்ப்யூட்டர் உலகத்தில் மவுண்ட் ஆகாமல் தவிப்பவர்கள் இத்தனை பேர் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவர்களுக்கென்றே இணையத்தில் ஒரு தனி ஊர் இருக்கிறது. அந்த ஊர்க்காரர் ஒருவர், ஃபைலைப் பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டருக்குள் நகலெடுத்துப் பிறகு திற என்றார். எடுத்தேன். திறக்கவில்லை. இன்னொருவர், வேறு ஏதாவது மென்பொருள் அதைப் பிடித்து வைத்திருக்கும், விடச் சொல் என்றார். விடச் சொன்னேன். மூன்றாமவர் வலது கிளிக் என்றார். நாலாமவர் மூன்றாமவரை முட்டாள் என்றார். நான் நாலாமவர் பக்கம் சேர்ந்து மூன்றாமவரோடு அரை நாள் வாதாடி ஜெயித்தேன். ஃபைல் திறக்கவில்லை. கடைசியில் ஒரு புது மென்பொருளை இறக்கிப் போட்டுப் பார்த்ததில் வேறு ஒரு கட்டம் வந்தது.

"இமேஜ் கெட்டுப் போச்சுங்கப்பா" என்றேன்.

"யாரோட இமேஜு?" அப்பா பதறி எழுந்தார்.

"டிஸ்க் இமேஜுங்க."

"அப்படிச் சொல்லு" என்று மார்பைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார்.

அவர் மண்டிக்குக் கிளம்பி வாசலில் செருப்பை மாட்டும்போது அத்தையின் போன். செருப்பு கழன்றது.

"என்ன சாமி, வீடியோ ஓடுச்சா?"

"ஃபைலு ஐஎஸ்ஓங்கக்கா. அதான் லேசுல தொறக்க மாட்டேங்குது."

"ஐஎஸ்ஓவா? நம்ம பண்ணைக்குக்கூட மதன் அந்தச் சர்டிபிகேட்டை வாங்கோணும்னு அலைஞ்சுக்கிட்டு இருக்கறான். அப்ப நல்ல தரமான ஃபைலாத்தான் இருக்கும்."

"முதல் தரமுங்கக்கா."

"நீ சொன்னது அதுல இருக்குமில்ல?"

"இருக்காமப் போகுமுங்களா?"

"பின்ன என்ன? வெள்ளிக்கிழமை தட்டத்தோட வாரேன்."

போனை வைத்த அப்பாவிடம் ஒரு புதுத் தெம்பு தெரிந்தது. திறக்காத ஃபைலின் மகிமை அவருக்குப் புரிந்துவிட்டது. திறந்த ஃபைலுக்குள் இருப்பது மட்டும்தான் இருக்கும். திறக்காத ஃபைலுக்குள் எது வேண்டுமானாலும் இருக்கும்.

"தொறக்கலைங்கறதுனால நான் சொல்லலைன்னு ஆயிருமா?"

"சொன்னீங்கன்னும் ஆகாதுங்க" என்றேன்.

"பூட்டிக் கெடக்கற ஊட்டுக்குள்ள ஆளில்லைன்னு உன்னால சொல்ல முடியுமா?"

"இருக்குதுன்னு உங்களால சொல்ல முடியுமுங்களா?"

"முடியாதல்ல? அப்ப சந்தேகத்தின் பலன் அக்காளுக்கு."

எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. தோற்கப் போவதற்காக அல்ல. இவ்வளவு கேவலமான ஒரு வாதத்திடம் தோற்கப் போவதற்காக. நான் இரண்டு முறை பல்கலைக்கழகப் பட்டிமன்றத்தில் கோப்பை வாங்கியவள். நிரூபிக்கும் கடமை யாருடையது என்று ஆரம்பித்து ஒரு முழு உரையைத் தயார் செய்தேன். வெள்ளிக்கிழமை அத்தை முன்னால் பேசுவதற்காக. அதில் மூன்று மேற்கோள்கள் இருந்தன. அத்தை முதல் மேற்கோளிலேயே, "இம்புட்டுப் பேசற புள்ளையைச் சீக்கிரம் கட்டிக் குடுத்தறோணும்டா" என்று சொல்லக்கூடியவர் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

அம்மா மட்டும் அசையவில்லை. அந்த வாரம் முழுக்க மவுண்டைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மண்டியில ஒரு கம்ப்யூட்டர் இருக்குதில்லீங்க, அதுல போட்டுப் பாத்தீங்களா?"

"அதுல போடக் கூடாது! வைரஸ் புடிச்சுக்கும்" என்றார் அப்பா, தேவைக்கு அதிகமான சத்தத்தில்.

"அப்பச் செரிங்க" என்று அம்மா போய்விட்டார். இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தவரைக் கல்லூரியிலிருந்து கூட்டி வந்துதான் அந்தக் கல்யாண மேடையில் உட்கார வைத்தார்கள். அப்பேர்ப்பட்டவர் எனக்காக ஒரு வார்த்தை வாதாடவில்லையே என்று அவர் மேலும் எனக்கு ஆத்திரம்.

வெள்ளிக்கிழமை காலை. அப்பா இலை முன்னால் உட்கார்ந்தார். அம்மா சந்தகை பிழிந்து, தேங்காய்ப்பால் ஊற்றினார். இடியாப்பத்துக்கு அண்ணன் முறை, அப்பாவுக்குப் பிடித்த பலகாரம். மவுண்ட் ஆகாத மகிழ்ச்சியில் ரெண்டாவது தடவை வாங்கினார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, சாவகாசமாக ஆரம்பித்தார்.

"ஏனுங்க, உங்களைத் தப்பா நெனச்சுட்டேன். மன்னிச்சுக்கோங்க."

அப்பாவின் கை நின்றது. இந்த வீட்டில் அவர் கேட்டே இராத வாக்கியம் அது.

"நேத்து ராசிபுரம் போயிருந்தேன். வெள்ளியங்கிரி அண்ணங்கிட்ட இன்னொரு காப்பி இருந்துச்சு. அங்கயே போட்டுக் காட்டினாரு. நீங்க சொன்னது நெசந்தானுங்க. இணைச்சீருல அண்ணியாருக்கு நீங்க வாக்குக் குடுத்ததை எம்பட காதால கேட்டேன். கணீர்னு இருந்துச்சு."

பெற்ற தாயே எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொல்வதா? ஆனால் என்னைவிட அதிகமாகத் திகைத்துப் போயிருந்தவர் அப்பா. முகத்தில் சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் வேறு என்னவோ வந்து நின்றது.

"கே... கேட்டுதா?"

"நல்லாக் கேட்டுது. அதோட நிறுத்தினீங்களா? அடுத்தாப்புலயே எங்கண்ணன் கையைப் புடிச்சுக்கிட்டு, 'மச்சான், உங்க தங்கச்சி சொல்லைத் தாண்டி ஆயுசுக்கும் ஒரு காரியம் பண்ணமாட்டேன், இது சத்தியம்'னீங்களே! அதையும் கேட்டேன். கேக்கக் கேக்க எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க."

"நான் எப்பச் சொன்னேன்?"

"அதே வீடியோவுலதானுங்க. அண்ணியாருக்குச் சொன்ன வாயிலதான் சொன்னீங்க. வார்த்தை மாறமாட்டீங்கல்ல? அப்ப ரெண்டையும் காப்பாத்திப்போடுங்க."

"பொய்யி!" அப்பா இலையைத் தாண்டி எழுந்துவிட்டார். "பச்சைப் பொய்யி! அந்த வீடியோவுல ஒரு வார்த்தை கேக்காது! முச்சூடும் சினிமாப் பாட்டுத்தான் ஓடுது!"



அம்மா, அப்பாவின் டம்ளரில் பொறுமையாகத் தண்ணீர் ஊற்றினார்.

"ஏனுங்க, மவுண்டே ஆகாத ஃபைலுல பாட்டு ஓடறது உங்களுக்கு எப்புடிங்க தெரியும்?"

அப்பா உட்கார்ந்தார். மெதுவாக, மூட்டையை இறக்குவதுபோல் தன்னைத்தானே இறக்கி வைத்தார்.

பிறகு எல்லாம் வந்தது. ராசிபுரத்திலிருந்து நேராக மண்டிக்குப் போயிருக்கிறார். அங்கே கம்ப்யூட்டரில் போட்டவுடன் முதல் கிளிக்கிலேயே மவுண்ட் ஆகியிருக்கிறது. தன் வாக்குறுதியைத் தானே கேட்டு மகிழலாம் என்று உட்கார்ந்தவருக்கு, இணைச்சீரிலிருந்து பந்திவரை ஒரே டூயட்டாக ஓடியிருக்கிறது. அந்தக் காலத்து வீடியோக்காரர்கள் வாழ்த்துப் பேச்சுக்கு மேலேகூடப் பாட்டைப் போட்டு மூடிவிடுவார்களாம். அது போதாதென்று இன்னொரு இடி.

"இணைச்சீர் முச்சூடும் அக்காதான் பேசிக்கிட்டே இருக்குது. எம்பட வாயி அசையவே இல்லை."

"நீங்க என்ன பண்ணுனீங்க?" என்றார் அம்மா.

"தலையாட்டுனேன்."

"எதுக்கு?"

"பாத்தா பாட்டுக்குத் தாளம் போட்டாப்புல இருக்குது. ஆனா அக்கா பேசுனா நான் எப்பவுமே ஆட்டுவேன்."

"அப்ப நான் ஒரு வாரமா மவுண்ட் பண்ணினது எதைங்கப்பா?" என்று கத்தினேன்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். ஒரு ஃபைலின் பெயருக்குப் பின்னால் இருக்கும் வாலை மாற்றிவிட்டால் அது திறக்காமல் போகும் என்பது, மண்டியில் ஒரு பில்லைத் தெரியாமல் கெடுத்தபோது அவர் கற்றுக்கொண்ட வித்தை. எந்த வால் என்று அவரிடமே கேட்டுக்கொண்டு கம்ப்யூட்டரிடம் ஓடினேன். வாலில் இருந்த ஐஎஸ்ஓவை வெட்டிவிட்டு, படத்துக்கு உண்டான வாலை ஒட்டினேன். உடனே திறந்தது. பனித்துளியோடு ஒரு ரோஜாப்பூ. கீழே, 'இனிய காலை வணக்கம்'. சொந்தக்காரர் சின்னுசாமி மாமா தினமும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற படம். அசல் கல்யாணத்தை மண்டிக் கம்ப்யூட்டரிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"இமேஜுதானே கேட்டீங்க" என்றார் அப்பா ஈன சுரத்தில். "அதுவும் இமேஜுதான்."

மூன்று மணி நேரக் கல்யாணம் ஒரு ரோஜாப்பூ அளவு இடத்தில் அடங்குமா என்று நான் ஒரு தடவை ஃபைலின் அளவைப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. மூன்றாமவரோடு வாதாடிக்கொண்டிருந்தேன். அதற்கும் அப்பாதான் காரணம் என்பது என் உறுதியான நிலைப்பாடு.

"அம்மா, வெள்ளியங்கிரி அண்ணங்கிட்ட நெசமாவே இன்னொரு காப்பி இருந்துச்சுங்களா?"

"நான் எங்க ராசிபுரம் போனேன்? நேத்து முச்சூடும் கடலை காயப் போட்டுக்கிட்டு இருந்தேன்."

"பின்ன பாட்டு மட்டும் ஓடும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கல்யாணமான மாசமே எங்கம்மா ஊட்டுல வீடியோ டெக்கு வாடகைக்கு எடுத்துப் பாத்தமே! உங்கப்பாவுக்கு அன்னைக்கு மண்டியில ஏலம். வரலை."

"அப்ப முதல் நாளே தெரியுமா? தெரிஞ்சேதான் பந்தயம் கட்டினீங்களா? என்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல? ஒரு வாரம் நான் தூக்கமில்லாம..."

"உங்கிட்டச் சொன்னா நீ அன்னைக்கே வாதாடி ஒடைச்சிருப்ப சாமி. நான் சொன்னா உங்கப்பா நம்புவாரா? அவரு வாயாலயே வரோணும். வந்துருச்சு."

எனக்கு இழைக்கப்பட்ட இரண்டாவது அநீதி இது. நான் ஜெயித்துவிட்டேன், ஆனால் என் உரை வீணாகிவிட்டது.

போன் அடித்தது. அத்தை. அப்பா எழுந்து செருப்பைத் தேடினார், கழற்றுவதற்கு. காலில் இல்லை. அம்மா போனை எடுத்து, எல்லாருக்கும் கேட்கிறாற்போல் சத்தத்தைக் கூட்டி அவர் கையில் கொடுத்தார்.

"சென்னிமலை, பூ, பழமெல்லாம் எடுத்து வெச்சாச்சு. மதன் காரைக் கழுவிக்கிட்டு இருக்கறான். கெளம்பட்டுமா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா இலையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். அப்பா என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணைப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. கொஞ்சம்தான்.

"அக்கா... தட்டம் வேண்டாமுங்க. சும்மா வாங்க, சாப்பிட்டுட்டுப் போலாம்."

"என்னடா சொல்ற?"

"புள்ளை ஐதராபாத்துக்குப் படிக்கப் போகுதுங்க. நான் வாக்குக் குடுக்கலைங்கக்கா. வீடியோவைப் பாத்துட்டேன். அன்னைக்கு நான் சும்மா தலையைத்தான் ஆட்டியிருக்கறேன்."

மறுமுனையில் ஆயிரம் கோழி கத்துவது கேட்டது. அப்பா முதுகை நிமிர்த்தி, ஏலம் கூறுகிறவர்போல் நெஞ்சை முன்னே தள்ளி நின்றார். என் பிறப்புக்கு முன்பிருந்து இந்த நிமிஷம்வரை, அக்காளிடம் அவர் ஒரு தடவையும் மாட்டேன் என்று சொன்னதில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கடைசியில் அத்தை கேட்டார்.

"அது கெடக்கட்டும். ஒண்ணே ஒண்ணு மட்டும் மறைக்காமச் சொல்லு. இது நீயா எடுத்த முடிவா, உஷா எடுத்த முடிவா?"

அப்பா போனின் மேல் கையைப் பொத்தினார். சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டு, கம்பீரமாகப் பதில் சொன்னார்:

"சித்த நேரம் இருங்கக்கா, கேட்டுச் சொல்றேன்."